வாசலுக்கே வந்துவிட்டார்

அப்பாவை வண்டியிலிருந்து பாதி இறக்கியிருந்தபோது, அவருடைய செல்போன் மகளின் கைப்பைக்குள் அடித்தது.

"சார், கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போட்டாங்க. நம்ம புரோகிராம் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

மின்மயான எழுத்தர். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது.

"வாசலுக்கே வந்துட்டாரு," என்றாள் மகள்.

"அப்பாடா! உள்ள வரச் சொல்லுங்க."

எழுத்தர் திரும்பிப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்க மறந்துபோனார்.

அந்தப் புரோகிராமை எழுதியதே அப்பாதான், மகளுக்குப் பால்பல் முளைத்த வருஷத்தில். அதில் பதியாமல் சீட்டு வராது. சீட்டு வராமல் அடுப்புக் கதவு திறக்காது. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் போனார்கள். ஒருவர் மட்டும் இரண்டு தடவை போயிருந்தார். அதற்கு அப்பா கடைசிவரை விளக்கம் சொல்லவில்லை.

"கையால எழுதிக் குடுங்க," என்றான் உள்ளே வந்த அண்ணன்.

"நம்பர் வேணும் சார். அத புரோகிராம்தான் போடும். சாயங்காலம் அடுப்ப நிறுத்திட்டா இனி திங்கக்கிழமைதான்."

"அதுவரைக்கும் அப்பாவ எங்கய்யா வெக்கிறது?"

எழுத்தர் தன் மேசையை ஒருமுறை அளந்து பார்த்தார்.

மகள் அப்பாவின் போனைக் கைப்பைக்குள் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தொழில் கார் ஓட்டச் சொல்லித்தருவது. ஆனால் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இந்த ஆபீசிலிருந்து போன் வரும். வாயில் கவளத்தோடு அப்பா கத்திய கத்தல் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

"ரைட் கிளிக். பழைய வெர்ஷன்னு நெனச்சு ஓடச் சொல்லணும்."

கறுப்புத் திரை கண் விழித்தது. எழுத்தர் கைதட்டினார். வெளியே வண்டி ஓட்டுநரும், எதற்கென்று தெரியாமலே, தட்டினார்.

அப்பாவின் பெயரை அடித்தாள். ஏறவில்லை. மறுபடி அடித்தாள். ஏறவில்லை.

"பழைய ஆளுங்கள எல்லாம் காட்டுது," என்றார் எழுத்தர். "புதுசா யாரையும் சேத்துக்க மாட்டேங்குது."

"எடம் இல்லையோ?" என்றார் கதவோரம் நின்ற அடுப்புக்காரர், கவலையாக.

மகளுக்குக் காது சூடேறியது. "இருங்க. படிக்குது, எழுத மாட்டேங்குது. இது டி டிரைவ்லதான இருக்கும்? எங்க வெச்சீங்க?"

"சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள. பத்திரமா இருக்கட்டும்னு."

"பத்திரமா! புது ஓ.எஸ். அங்க ஒருத்தரையும் எழுத விடாது. அங்க வெக்காதீங்கன்னு அப்பா எத்தன தடவ திட்டிருக்காரு!"

"இன்னிக்கும் திட்டுவாருன்னுதான் கூப்ட்டேன்," என்றார் எழுத்தர்.

அவள் மொத்த ஃபோல்டரையும் டி டிரைவுக்கு இழுத்தாள். பாதையை மாற்றினாள். அப்பாவின் பெயரை அடித்து, என்டரைத் தட்டினாள்.

பிரிண்டர் ஒரு உறுமு உறுமியது.

"வந்துருச்சு!" அடுப்புக்காரர் குதித்த குதியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் எழுத்தரைக் கட்டிப்பிடித்துவிட்டு, யாரென்று பார்த்து விலகினான். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து, முதலில் இருந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"நானே சரி பண்ணிட்டேன்னு சொல்லணும்..."

மேசைமேல் கைப்பை அடித்தது.

பிரிண்டர் சீட்டைத் தள்ளிவிட்டு ஓய்ந்தது. கைப்பை அடித்துக்கொண்டே இருந்தது.