கல்வத்தில் ஒட்டிய சிவப்பு

நடந்தது எழுபத்தொன்றிலா எழுபத்திரண்டிலா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பறவைகள் பன்னிரண்டு என்று ஒரு நினைவு, பதினான்காகவும் இருக்கலாம். நாகலட்சுமி சொல்லிக் கேட்டதுதான், அவளோ அதிகம் பேசாதவள். ஆனால் கோழி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வடதுருவக் கடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பல்கள், வலையில் சிக்கிச் செத்த கடற்பறவைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரும். அவற்றின் ஈரலில் பாதரசம் எவ்வளவு என்று அவள் அளக்க வேண்டும். தொழிற்சாலையே இல்லாத கடலில் வாழும் பறவைக்குள் பாதரசம் போயிருந்தால் அது சாதாரணச் செய்தி இல்லை. உலர்த்திய ஈரலைக் கல்வம் என்ற சிறு உரலில் மாவாக அரைத்து, அமிலத்தில் கரைத்துக் கருவியில் வைத்தாள். வந்த எண்கள் மிகப் பெரியவை, ஒரு மதியம் முழுக்க அவற்றைச் சரிபார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ப்ரூன்ஸ் அப்படி உட்காரவில்லை. அன்றைக்கே ஹாம்பர்குக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த மாத ஆய்வாளர் கூட்டத்தில் அவள் பேச அரை மணி நேரம் கேட்டு வாங்கிவிட்டார். அவளுடைய உதவித்தொகை இன்னொரு வருடம் நீள்வதும் அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்தது என்றார்.

அவளுக்குத்தான் உறுத்தியது. இவ்வளவு பாதரசம் இருந்தால் பறவை பறந்திருக்கவே முடியாது. ஈரல் கரைக்காத வெறும் அமிலத்தை அளந்தால் சுத்தமாக இருந்தது. அமிலம் கல்வத்தைத் தொடுவதே இல்லை, ஈரல்தான் தொடுகிறது என்பது பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது. வழியிலேயே இறங்கிக் கோழி ஈரல் வாங்கினாள். உலர்த்தி, அதே கல்வத்தில் அரைத்து அளந்தாள். ஆஹென் சந்தைக் கோழியும் துருவப் பறவைக்குச் சளைக்காமல் பாதரசம் காட்டியது.

கல்வத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு மயிரிழை வெடிப்பு, அதற்குள் சிவப்பு.

பக்கத்து மேஜையில் ப்ரூன்ஸிடமே ஆய்வு செய்த சந்திரமௌலி கும்பகோணத்துக்காரர், அவளுக்கு நான்கு வருடம் மூத்தவர். இரண்டு குளிர்காலமாக இருமிக்கொண்டிருந்தவர்.

"மௌலி சார், இந்தக் கல்வத்துல என்ன அரைச்சீங்க?"

"லிங்கச் செந்தூரப் பொடிம்மா, இருமலுக்கு. மாமா பார்சல்ல அனுப்பினார். தேன்ல நல்லாக் குழைக்கணும், ஸ்பூன்ல வராது. டெய்லி கழுவித்தானே வெச்சேன்?"

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"மருந்து."

"பாதரசம், சார். நீங்க கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி."

அவர் கல்வத்தை வாங்கி வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். கெமிஸ்ட்ரி வேறு, மருந்து வேறு என்று இருந்துவிட்டாராம். "ஆனா இருமல் நின்னுடுச்சும்மா," என்றார். ஆத்திரத்தில் அவளுக்குச் சிரிப்புகூட வந்துவிடும் போலிருந்தது. பிறகு மெதுவாக, "ப்ரூன்ஸ்கிட்ட என் பேர் மட்டும் வேண்டாம். பாமாவுக்கு இப்பதான் விசா வந்திருக்கு," என்றார். பாமா அவர் மனைவி.

கல்வம் அழுக்காக இருந்தது, எண்கள் தப்பு என்று மட்டும் ப்ரூன்ஸிடம் சொன்னாள். யாருடைய கவனக்குறைவு என்று அவர் ஒரு முறை கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, ஹாம்பர்க் நேரத்தை ரத்து செய்தார்.

கல்வத்தை அமிலத்தில் ஊறவைத்தாள், மறுபடி கோழி வாங்கினாள். மூன்றாவது கோழிதான் சுத்தமாக வந்தது. மூன்று பறவைகளின் ஈரல் மட்டும் மிச்சமிருந்தது. அவற்றை அரைத்து அளந்தாள். எண்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. ஆனால் கோழியைவிடப் பல மடங்கு. பாதரசம் துருவம் வரை போய்த்தான் இருந்தது.

புது எண்களை எழுதி அவள் மேஜையில் வைத்த தாளை ப்ரூன்ஸ் தன் பக்கம் இழுக்கவேயில்லை. "முதல் முறையும் இதே நிச்சயத்தோடுதான் வந்தீர்கள்," என்றார்.

மருந்தை நிறுத்திவிட்ட சந்திரமௌலி கதவுக்கு வெளியே இருமிக்கொண்டிருந்தார். ஒரு பெயர் சொன்னால் போதும், பழி அவள் மேல் இருக்காது. அவள் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

உதவித்தொகை நீளவில்லை. நாகலட்சுமி சென்னைக்குத் திரும்பி ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றாள். சந்திரமௌலி டாக்டர் பட்டம் வாங்கினார். பாமாவோடு கொலோனில் குடியேறினார். ப்ரூன்ஸ் இறந்துவிட்டார். மூன்று பறவைகளின் எண்கள் எங்கும் அச்சாகவில்லை.