இரண்டாவது பெயர்

மதுசூதனின் பையில் சார்ஜரைத் தேடியபோது அந்தக் காகிதம் மரகதவல்லியின் கையில் அகப்பட்டது. தில்லை நகர் வக்கீல் ஒருவரின் முகவரி, வியாழக்கிழமை பதினொரு மணி, கீழே மகனின் கையெழுத்தில் 'அம்மா, கார்டியன்?' என்று ஒரு வரி.

முப்பத்திரண்டு வருஷம் ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனி மாதத்தில் ஒருநாள் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டு குளியலறையில் விழுந்தாள். மறதியின் ஆரம்பம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் பெங்களூரிலிருந்து மகன் அடிக்கடி வர ஆரம்பித்தான். வருகிறவன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும், மாடிக்குப் போய் போன் பேசுவதும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். கண் டாக்டரிடம் போகலாம் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போவான் என்று காத்திருந்தாள். அவனோ, "வக்கீலைப் பாத்துட்டு வரலாம்மா" என்றான். அப்படி நேராகச் சொன்னது அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

வக்கீல் முஜிபுர் ரஹ்மான் மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் நிதானமாகப் பேசினார். கோர்ட்டில் கார்டியன் போட்டால் எல்லாவற்றையும் மகனே முடிவு செய்வார், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை என்றார். அதற்குப் பதிலாக ஒரு பத்திரம் எழுதலாம். ஆஸ்பத்திரி, பேங்க், வீடு எதுவானாலும் மகன் பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்வார், முடிவு அவளுடையது. பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

அவர் நீட்டிய மாதிரிப் பத்திரத்தை அவள் இரண்டு முறை படித்தாள். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததுதான் உறுத்தியது.

"நான் ஒண்ணை மறந்துட்டேன்னு அவன் சொன்னா, நெஜமாவே மறந்தேனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "வேற யாரு சொன்னா நம்புவீங்க?"

கூட வேலை பார்த்த ரோசரி டீச்சரின் பெயரைச் சொன்னாள். அவளையும் பத்திரத்தில் சேர்க்க வேண்டும், இரண்டு பேரும் கூட இருந்தால்தான் எந்தக் கையெழுத்தும் போடுவேன் என்றாள். உள்ளே வந்த மகனிடம் வக்கீல் அதைச் சொன்னபோது அவன் முகம் கன்றிப்போனது.

"என்னை நம்பலையாம்மா?"

"நம்பறேன்டா. இருந்தாலும் எழுதட்டும்."

டீச்சர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுவிடுவதாகச் சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முதுகு பாதி திரும்பியிருக்க, ரொம்ப நேரம் பேசினான். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டது போலிருந்தது, வேர்வையாகவும் இருக்கலாம். சத்தம் உள்ளே வரவில்லை. டீச்சரிடம் என்ன சொல்லிவைக்கிறானோ என்று மரகதவல்லி நாற்காலி நுனிக்கு நகர்ந்து அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.