மோட்டார் போடும் பாட்டு

பெரம்பலூர் ராசாங்கம் கரண்டில் பாடும் பெட்டி ஒன்று செய்துவிட்டான் என்ற செய்தி குரும்பலூருக்கு வந்தபோது, செங்கமலம் பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தேழாம் வருஷம். செய்தியைக் கொண்டுவந்தவன், கோயிலில் அவள் பாடக் கேட்டிருந்த, பாங்கோ அடிக்கும் பிச்சைமுத்து. அவன் காதில் நுழைகிற எதுவும் ஒன்றுக்குப் பத்தாகத்தான் வாய் வழியாக வெளியே வரும்.

“துருத்தி வேணாம், காத்து வேணாம் தங்கச்சி. பிளக்கைச் சொருவிட்டு கட்டையைத் தொட்டாப் போதும், வீணைங்குது, குழலுங்குது. பாடறதுக்கு ஒன்னைத்தான் கூட்டியாரச் சொன்னாரு.”

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ப் பார்த்தாள். ராசாங்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். செத்துப்போன ரேடியோக்களின் குடலையெல்லாம் உருவி, பழைய மேசைப் பலகைக்குள் அடைத்து, மேலே ஆர்மோனியக் கட்டைகளைப் பொருத்தியிருந்தான். அது வீணையும் இல்லை, குழலும் இல்லை. கொஞ்சம் மூக்கால் பாடுகிற, கூச்சநாச்சம் இல்லாத புதுக் குரல். பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி, மனுஷன் கை படாமலே டிக் டிக் டும் என்று தாளம் போட்டது. பிச்சைமுத்து அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். செங்கமலத்துக்கோ இரண்டையும் பிடித்துப்போயிற்று.

இப்படித்தான் ‘மின்மினி எலெக்ட்ரானிக் இன்னிசைக் குழு’ பிறந்தது. குழு என்று போர்டில் இருந்ததே தவிர ஆள் மூன்றே பேர்தான். மிச்சக் கூட்டத்தைப் பெட்டிகள் பார்த்துக்கொண்டன.

பெட்டிக்கு ஒரு நோய் இருந்தது. கடையில் இருக்கும்போது தெரியாது, ஊர்களுக்குப் போனால்தான் தெரியும். கரண்டு இறங்கினால் பெட்டியின் சுருதியும் கூடவே இறங்கும். தாளப் பெட்டி இன்னும் மோசம், மலையேறுகிற மாட்டுவண்டியாகி மூச்சு வாங்கும். சுற்றுவட்டாரம் பூராவும் கிணற்றுப் பாசனம். மூணு பேஸ் கரண்டு வந்தால் போதும், ஒவ்வொரு கிணற்றிலும் மோட்டார் ஓடும், கோயில் வாசலில் கட்டிய சீரியல் பல்பெல்லாம் சிவந்துபோகும். ராசாங்கம் ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தான். அந்தப் பாதாளத்தில் விழுகிற கரண்டை அதனாலும் தூக்கி நிறுத்த முடியவில்லை. பேட்டரியில் ஓட்டிப் பார்த்தான், இரண்டு பாட்டுக்குள் அது படுத்துக்கொண்டது.

“கரண்டு சரியில்லைங்க, அதான் சுருதி எறங்குது,” என்று அவன் விழாக் கமிட்டியிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு கிழவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் பாவம் என்னதான் செய்வாள்? ராசாங்கத்துக்கு அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது. ஒருநாள் இந்தப் பெட்டியை நிமிர்ந்து நிற்க வைப்பேன் என்று செங்கமலத்திடம் அடிக்கடி சொல்வான்.

விக்கிரமங்கலம் மாரியம்மன் திருவிழாவில்தான் மானம் கப்பலேற இருந்தது. சாயங்காலக் கச்சேரி, நல்ல கூட்டம். செங்கமலம் பாட்டின் பாதியில் இருக்கும்போது மூணு பேஸ் வந்துவிட்டது. பல்புகள் சிவந்தன, பெட்டி குழைந்துகொண்டே கீழே போயிற்று. வேறொருத்தியாக இருந்தால் நிறுத்தியிருப்பாள். செங்கமலம் பல்பைப் பார்த்தாள், பெட்டியைக் கேட்டாள், அதன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதுபோல் தானும் இறங்கினாள். பிச்சைமுத்துவும் அடியைத் தளர்த்தினான். பாட்டு அப்படியே அடங்கி முடிந்தபோது கூட்டம் கை தட்டியது. வேண்டுமென்றே அப்படிப் பாடினார்கள் என்று நினைத்துக்கொண்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஊர்க் கமிட்டியில் இருந்த மதுரைவீரன் என்ற குடியானவர் அவர்களிடம் வந்து உட்கார்ந்தார்.

“பல்பு செவந்ததும் பெட்டி எறங்கினதைப் பாத்தேன், ஒங்க கஷ்டம் இப்பதான் புரிஞ்சுது. அடுத்த வருசம் தண்டோரா போட்டு வைக்கிறோம், கச்சேரி முடியறமட்டும் யாரும் மோட்டார் போட மாட்டாங்க. ஆனா, முடிஞ்சது எங்களுக்கு எப்படித் தெரியும்? மோட்டார் கொட்டாயில ஒக்காந்திருக்கறவனுக்கு ஒரு அடையாளம் வேணும்ல?”

“மைக் செட்டுக் கொழாய்ச் சத்தம் கேக்கும்ல. கடைசிப் பாட்டா ஒண்ணு பாடறேன். அதைக் கேட்டதும் போட்டுக்கங்க,” என்றாள் செங்கமலம்.

அந்தக் கடைசிப் பாட்டை அவளே கட்டினாள். குழுவுக்கென்று சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சினிமாக்காரர்களிடம் இரவல் வாங்கியது. கரண்டைப் பார்த்து ஒரு பெண் பேசுகிற பாட்டு.

*வர்ற வழியில நில்லு நில்லு,*
*வெளக்கெரியட்டும் கொஞ்ச நேரம்.*

என்று ஆரம்பிக்கும். முடிகிற அடி இது:

*பாடி முடிச்சேன், போ போ,*
*பயிரு காத்திருக்கு ரொம்ப நேரம்.*

அடுத்த வருஷம் விக்கிரமங்கலத்தில் அவள் ‘போ போ’ என்றதும், குழாய்ச் சத்தம் எட்டிய தூரம்வரை கொல்லைக்காட்டு மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமின. பல்புகள் சிவந்தன, பெட்டி இறங்கியது, அவள் இறங்கினாள். கடைசிச் சொல் தரையைத் தொடும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. தன் பாட்டுக்கு ஊரே பதில் சொல்கிறது என்றால் ஒரு பாடகிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. அரியலூர்ப் பக்கம் எந்தத் திருவிழா என்றாலும் மின்மினிக்காரர்களைக் கூப்பிடு என்றார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருநாளுக்குப் பஸ்ஸில் வந்த ஜனங்கள்கூட மோட்டார்ப் பாட்டு பாடும்மா என்று கேட்டு வாங்கினார்கள். ராசாங்கத்துக்கு மட்டும் அந்தப் பாட்டு வரும்போது முகம் சுருங்கும். ஊர் கொண்டாடுவது அவன் பெட்டியின் நோயை அல்லவா.

எண்பத்துநாலாம் வருஷம் செங்கமலத்தின் புருஷன் அரியமுத்துவுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. தை பிறந்ததும் குடிபோக வேண்டும். நல்ல மனுஷன். அவள் பாடுவதற்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. ஆனால் நெய்வேலி எங்கே, விக்கிரமங்கலம் எங்கே? அவளுக்கு வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஏழு வருஷம் பாடிய பாட்டெல்லாம் காற்றோடு போய்விட்டதே, போவதற்குள் தன் குரல் ஓர் இடத்தில் தங்கிவிட வேண்டுமே என்று ஏங்கினாள். அந்த ஏக்கத்தில் சோறு இறங்கவில்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி, அரியலூரில் கேசட் கடை வைத்திருந்த அய்யம்பெருமாள் வந்தார். மோட்டார்ப் பாட்டைக் கேசட்டாகப் போட்டு விற்கலாம், திருச்சியில் ரெக்கார்டிங் ரூம் ஒருநாள் பேசியிருக்கிறேன் என்றார்.

திருச்சி ரெக்கார்டிங் ரூமில் சுவருக்கெல்லாம் மெத்தை தைத்திருந்தார்கள். ராசாங்கம் பெட்டியை இறக்கி, பிளக்கைச் சொருகி, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தான். சுருதி இம்மி அசையவில்லை. மறுபடி அழுத்தினான். காலையிலிருந்து மத்தியானம்வரை அது ஆணி அடித்தமாதிரி நின்றது.

“பாத்தியா தங்கச்சி? நான் சொல்லலை? பெட்டி மேல தப்பே இல்லை,” என்றான். கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

மற்ற பாட்டுகள் வழுக்கிக்கொண்டு முடிந்தன. கடைசியாக மோட்டார்ப் பாட்டு. ‘போ போ’ வந்தது. செங்கமலத்தின் குரல் தானாகவே கீழே இறங்கியது. பிச்சைமுத்துவின் கையும் தானாகவே தளர்ந்தது. பெட்டிகள் இரண்டும் மட்டும் விறைப்பாக மேலேயே நின்று, ஆளை ஏற்றாமல் கிளம்பிவிட்ட பஸ்ஸாக முன்னால் ஓடின. கேட்கச் சகிக்கவில்லை.

ரெக்கார்டிங் பார்த்தவர் சாமிக்கண்ணு, பொறுமைசாலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னார்: “அம்மா, கடைசியில சுருதி எறங்குது. இன்னொருவாட்டி பாடுங்க.”

இன்னொருவாட்டியும் இறங்கியது. அதற்கடுத்த வாட்டியும் இறங்கியது. ஏழு வருஷப் பழக்கம், சொன்னால் கேட்கிற கழுதையா அது? கடைசியில் கண்ணை இறுக்க மூடி, பெட்டியின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, நேராகப் பாடி முடித்தாள். சாமிக்கண்ணு கட்டை விரலை உயர்த்தினார். அய்யம்பெருமாள் அப்பாடா என்றார். ராசாங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. செங்கமலம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாடியது யாரோ ஒருத்தி. ‘போ போ’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறாள், யாரும் எங்கேயும் போகவில்லை. ஒரு வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை. தங்க வேண்டும் என்று ஆசைப்பட்ட குரல் இதுவா?

“அண்ணே,” என்றாள், “பெட்டியை எறக்க முடியுமா?”

ராசாங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுள்ளென்று வந்தது.

“என்ன பேசற நீ? இது நிமிந்து நிக்கணும்னுதானே இத்தனை வருசம் பாடுபட்டேன்? இன்னைக்குத்தான் நின்னிருக்கு. அதைக் கேசட்டுலயும் குனிய வைக்கச் சொல்றியா? கேக்கறவன் சிரிப்பான்.”

“அது எறங்கும்போதெல்லாம் நான் கூட எறங்கினேன்லண்ணே. ஒருநாளாவது தனியா விட்டேனா? இன்னைக்கு ஒருவாட்டி எனக்காக அது எறங்கட்டும். இதோட நான் போயிடுவேன்.”

ராசாங்கம் பெட்டியின் மேல் கையை வைத்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

“சார், அந்த ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டிக்கலாமா? திருப்பி மாட்டிக் குடுத்துடறேன்.”

சாமிக்கண்ணு சம்மதித்தார். ராசாங்கம் ரெகுலேட்டரைக் கழற்றி இரண்டு பெட்டிகளுக்கும் போகிற ஒயரில் இணைத்தான். அங்கிருந்த ஒரு பல்பையும் சேர்த்துக் கட்டினான், அவள் பார்க்கிற தூரத்தில். ஃபேன் இல்லாத அறையில் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. பாட்டு ஆரம்பித்தது. இடது கையால் கட்டைகளை வாசித்துக்கொண்டு, வலது கையை ரெகுலேட்டரில் வைத்தபடி, ராசாங்கம் செங்கமலத்தின் வாயையே பார்த்திருந்தான். ‘போ போ’ என்றாள். அவன் குமிழைத் திருகினான். பல்பு சிவந்தது, பெட்டி குழைந்தது. ஏழு வருஷமாக அவள் அதன் பின்னால் போனாள். இப்போது முதல்முறையாக அது அவள் பின்னால் வந்தது. கடைசிச் சொல் வரைக்கும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டுல எதைப் போடறது?” என்று கேட்டார் அய்யம்பெருமாள்.

“இதைத்தாங்க,” என்றான் ராசாங்கம்.

அய்யம்பெருமாள் வியாபாரி. அவருக்கு அதில் மனசே இல்லை. அவர் பயந்ததுபோலவே திருச்சிக் கடைகளிலிருந்து கேசட்டுகள் திரும்பி வந்தன, டேப் இழுக்கிறது என்று. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. டீக்கடைகளில் சாயங்காலம் அந்தப் பாட்டு ஓடியது. குழுவைப் பற்றிச் சொல்வதென்றால் அவ்வளவுதான். ராசாங்கம் பிறகு வேறு பாடகியைத் தேடவில்லை. கடையில் டி.வி. ரிப்பேர் வந்துவிட்டது, பிச்சைமுத்து கல்யாண வீடுகளில் மைக் செட் போடப் போய்விட்டான்.

நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் கரண்டு போனதே இல்லை, இறங்கியதும் இல்லை. மின்சாரம் பிறக்கிற ஊர், அங்கே பல்பு சிவந்து செங்கமலம் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே கேசட்டைப் போட்டுவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் பாட்டைக் கேட்டபடி வாசலில் நின்றாள். கடைசி அடி வந்ததும் பதறிப்போய் உள்ளே ஓடிவந்தாள்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! டேப் இழுக்குது பாருங்க, சிக்கிக்கப் போகுது.”

செங்கமலம் ஈரக் கையோடு எழுந்து, நிறுத்தப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லைங்க,” என்றாள். “விக்கிரமங்கலத்துல இப்ப மோட்டார் போடறாங்க.”