பேச மட்டும் அளவில்லை

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. என் செல்போன் கம்பெனி தினமும் தந்துகொண்டிருந்த டேட்டாவை ஒரு காலையில் பாதியாகக் குறைத்துவிட்டது. கட்டணம் குறையவில்லை. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. மக்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதலாமென்று, சின்னமனூரில் பஸ் ஏறி, கம்பத்தில் எனக்குப் பழக்கமான ரெஹானாவின் ரீசார்ஜ் கடையில் போய் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

"அந்த வாரம் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லா வீடியோவும் சுற்றிக்கொண்டே நின்றன, ஏதோ ஒரு—"

(ஏதோ ஒரு என்ன? உவமை கிடைக்கவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.)

2

கட்டுரைக்குச் சரக்கு நிறையக் கிடைத்தது. வந்தவர்கள் பாதிப்பேர் ரெஹானாவே கத்தரிக்கோல் எடுத்து டேட்டாவை வெட்டியதுபோல அவளிடம் சண்டை போட்டார்கள். வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிவிடச் சொல்லி சிலர். மகன் இனியாவது புத்தகத்தைத் தொடுவான் என்று சந்தோஷப்பட்டவரும் உண்டு.

வாழைத்தார் வியாபாரி தங்கப்பாண்டியன்தான் எனக்குப் பிடித்துப்போனார். தாரை வீடியோ எடுத்துக் கோட்டயத்துக்கு அனுப்பித்தான் அவர் விலை பேசுவார். மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. "காயை வாயால சொன்னா அவன் நம்புவானாம்மா?" என்று ரெஹானாவிடம் கேட்டார். இவரே கதாநாயகன் என்று முடிவு செய்து, மீசையை முறுக்கியபடி அவர் கடைக்குள் நுழைவதாக எழுதினேன்.

(மீசை நான் ஒட்டியது. அவருக்கு மீசை கிடையாது.)

3

அப்போது ஜோதிலட்சுமி வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவள். விரல்களில் சாறு காய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் போனை ரெஹானாவிடம் நீட்டினாள். தங்கப்பாண்டியன் எட்டிப் பார்த்துவிட்டு, "பேசுறதுக்குத்தான் அளவே இல்லைன்னு குடுத்திருக்கான்ல, பெறகென்ன தாயி" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"அண்ணே, அவுகளுக்குக் காது கேக்காது. வாய்ப்பேச்சும் வராது" என்றாள் ரெஹானா.

ஜோதிலட்சுமியின் கணவன் முத்துராஜாவுக்கும் காது கேட்காது. குமுளிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. எப்போதாவதுதான் கீழே வருவான். மற்ற நாளெல்லாம் வீடியோவில் கைகளால் பேசிக்கொள்வார்கள். இப்போது பாதிப் பேச்சில் டேட்டா தீர்ந்து, தூக்கிய கை தூக்கியபடி திரையில் நின்றுவிடுகிறது. அந்த எஸ்டேட்டில் வேறு நெட்வொர்க் எடுப்பதில்லை. இருவர் போனுக்கும் கூடுதல் பேக் போட்டுப் பார்த்தாள், கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை.

எழுதி அனுப்பக் கூடாதா என்று ரெஹானாவிடம் கேட்டேன். அவள் தம்பி நசீமுக்கும் காது கேட்காது. அவனோடு வளர்ந்ததில் கைமொழி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"எழுத்து நம்ம பாஷை அக்கா. அவுக பாஷை கையி. புருஷன்கூட சண்டை போடணும்னா நீங்க எழுதியா போடுவீக?"

(இங்கே எனக்கு ஒரு சிக்கல். ஜோதிலட்சுமி பேசியதை எப்படி எழுதுவது? மேற்கோள்குறி போட்ட உடனே அவளுக்கு நான் ஒரு குரல் கொடுத்துவிடுகிறேன். அது அவள் குரலாக இருக்காது. அதனால் இந்தக் கதையில் அவளுக்கு மேற்கோள்குறி இல்லை.)

4

முந்தின நாள் ரெஹானா அவளுக்காகக் கம்பெனியின் ஆப்பில் புகார் எழுதியிருந்தாள். எங்கள் பிரதிநிதி அழைப்பார் என்று பதில் வந்தது. சொன்னபடி அழைத்தார்கள். ஜோதிலட்சுமி அழைப்பை எடுத்து, அது முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்த செய்தியைத்தான் இப்போது கொண்டுவந்து காட்டினாள்: நீங்கள் பேசாததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

ரெஹானா கஸ்டமர் கேரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். வாடிக்கையாளரே பேசினால்தான் புகாரைப் பதிய முடியும் என்றாள். ரெஹானா நிலைமையை விளக்கினாள். பிறகு இன்னும் பொறுமையாக விளக்கினாள்.

"புரியுது மேடம். ஆனா சிஸ்டம் எடுக்காது. அவங்களை லைன்ல வரச் சொல்லுங்க."

ரெஹானா அதைக் கையால் சொன்னாள். ஜோதிலட்சுமி சற்று யோசித்தாள். போனை வாங்கி வாயருகே பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

அந்தக் குரல் ஒரு—

(இல்லை. உவமை தேடமாட்டேன். அது ஒரு பெண்ணின் குரல். உயர்ந்தது, இறங்கியது, மூச்சு வாங்கித் தொடர்ந்தது. போன் பிடிக்காத கை கூடவே பேசிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அவள் சொன்னாள். எங்களுக்குத்தான் விளங்கவில்லை. சின்ன வயதில் யாரோ சிரித்த பிறகு வீட்டுக்கு வெளியே அவள் குரலே எடுத்ததில்லை என்று ரெஹானா பின்னால் சொன்னாள்.)

தங்கப்பாண்டியன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜோதிலட்சுமி முடித்துவிட்டுப் போனை மேசையில் வைத்தாள். மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"பதிஞ்சுட்டேன் மேடம்" என்றாள் அந்தப் பெண். பழகிய குழைவு குரலிலிருந்து போயிருந்தது. "நான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

5

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். நான் வேறு முடிவுகள் தேடினேன்.

முதலாவதில் கம்பெனி வருத்தம் தெரிவித்து டேட்டாவைத் திருப்பித் தருகிறது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவதில் முத்துராஜா வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்துவிடுகிறான். அதை ரெஹானாவுக்கு வாசித்துக் காட்டினேன். வந்து இங்கன எதைத் தின்பது என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று ஜோதிலட்சுமிக்குச் செய்தி வந்தது. டேட்டா கூடவில்லை. ரெஹானா தன் கடையின் கேபிள் இன்டர்நெட்டை அவள் போனில் சேர்த்துக் கொடுத்தாள்; அதில் மிச்சமான ரீசார்ஜ் காசு முத்துராஜாவின் கூடுதல் பேக்குக்குப் போனது. தோட்ட வேலை முடிந்ததும் அவள் வந்து, கடையின் மூலையில் போனைச் சாய்த்துவைத்துக் கணவனோடு பேச ஆரம்பித்தாள். டேட்டா சிக்கல் தீர்ந்தது. ஆனால் ரீசார்ஜுக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் அவளைப்போலவே கையை ஆட்டிப் பார்த்தார்கள். அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் தங்கப்பாண்டியன் தன் லாரியிலிருந்து ஒரு தார்ப்பாயை எடுத்துவந்து, யாரிடமும் கேட்காமல் அந்த மூலையை மறைத்துக் கட்டிவிட்டுப் போனார்.

(மீசை இல்லாமலேயே அவரை எழுதியிருக்க வேண்டும்.)

ரெஹானாவின் நாற்காலி தார்ப்பாய்க்கு உள்பக்கம் வந்துவிட்டது. கடையில் அந்தப் பேச்சு புரிகிற ஒரே ஆளும் அவள்தான். அதனால் ஜோதிலட்சுமி வந்ததும் ரெஹானா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள்.

6

போன வாரம் முடிவு தேடி மறுபடியும் போனேன். எஸ்டேட்டில் குடியிருக்க வீடு தருகிறார்களாம். முத்துராஜா அவளை மேலே வரச் சொல்கிறான். இங்கே தோட்டத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் அவளோடு பேசக் கைமொழி பழகியிருக்கிறார்கள். அங்கே அவனைத் தவிர கைமொழி தெரிந்தவர் யாரும் இல்லை. நான் போனபோது தார்ப்பாய்க்குப் பின்னால் உள்ளங்கையில் கை தட்டும் சத்தம் கேட்டது. சண்டைதான். ஜோதிலட்சுமி வெளியே வந்து, ரெஹானாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

என்ன முடிவு என்று கேட்டேன். ரெஹானா, சுவரைப் பார்த்திருந்தாலும் எதிரே கண்ணாடி அலமாரியில் ஜோதிலட்சுமியின் கைப்பேச்சு கொஞ்சம் தெரிந்தது என்பதை மறைக்கவில்லை.

"அது அவுக வீட்டுப் பேச்சு அக்கா. கதைக்கு வேணும்னா அவுககிட்டயே கேளுங்க."

ஓடிப்போய்ப் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அவளைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மலையைக் காட்டி, அவளைக் காட்டி, கையை விரிப்பதுதான். அவள் பதில் சொன்னாள், நிதானமாக, ஒன்றும் விடாமல்: வலது கை நெஞ்சைத் தொட்டது; மலைப்பக்கம் போனது; அங்கே இரண்டு விரல்கள் ஒன்றையொன்று நெருங்கின; கை கீழே வந்து தரையைச் சுட்டியது; இரண்டு உள்ளங்கைகளும் மேலும் கீழுமாக மாறி மாறி அசைந்து நின்றன. சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அந்த மொழி தெரிந்திருந்தால், கதை முடிந்துவிட்டது.