குழாய்க்குப் போட்ட சாக்ஸ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் ஒற்றைச் சாக்ஸிலிருந்து வந்தது. சாம்பல் நிறக் கம்பளி, சிவப்புக் குதிகால், பெரிய கால். அதன் ஜோடி ஒரு வருஷமாகக் காணவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கிறார். எங்கே போனதென்று எனக்குத் தெரியும். நான்தான் எடுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக் குழாய்க்கு.

அதனால் டால்டன் ட்ரஹான் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரைவிட்டே போகிறார். அவருடைய மனைவி, அந்தப் பக்கத்து வீட்டு ஓடீலுக்கு அது தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் ஒருவேளை தடுக்கலாம். சொல்ல வாய் வராமல், மூன்று நாளாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளர்கள் லட்சணம் இதுதான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "லூசியானாவின் தென்மேற்கு மூலைக்குக் குளிர் ஒரு விருந்தாளியைப் போல..." (அடித்துவிட்டேன். விருந்தாளியாவது மண்ணாங்கட்டியாவது. இங்கே வீடுகளை வெயிலுக்கென்று கட்டியிருக்கிறார்கள். கட்டைகளின்மேல் வீடு, அடியில் காற்றோட்டம், அந்தக் காற்றில் தண்ணீர்க் குழாய். வருஷத்தில் மூன்று நாள் உறைபனி வரும். அந்த மூன்று நாளும் தெருவே கையில் டேப்போடு அலையும்.)

இரண்டாவது: "டால்டன் தன் மனைவியை இன்னும் நேசித்தார் என்பது..." (பாதியில் விட்டேன். எனக்கென்ன தெரியும்? அவர் மனசுக்குள் போய்ப் பார்த்தேனா?)

மூன்றாவது குழாயிலிருந்து தொடங்கியது. அதையே வைத்துக்கொள்கிறேன்.*

* ஓரக்குறிப்பு: எங்கள் தெருவில் வெளிக்குழாய்கள் உறையாமலிருக்கப் போடுபவை: பழைய துண்டு, பிரெட் பை, நீச்சல்குளத்து ரப்பர் மிதவையில் வெட்டிய துண்டு, கவிழ்த்த தெர்மாகோல் டம்ளர். மூலை வீட்டில் மகனுடைய பழைய அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட். தூக்கிப்போட மனசில்லாத சாமான்கள் எல்லாம் அந்த மூன்று நாள்தான் வெளியே வரும். எனக்கு இதை வேடிக்கை பார்க்க அலுப்பதே இல்லை. குளிர் அறிவிப்பு வந்தால் நடைப்பயிற்சி என்ற பெயரில் தெருவை ஒரு சுற்று சுற்றி, எந்தக் குழாய் என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன்.

3

போன ஜனவரி. இரவு பத்தொன்பது டிகிரிக்கு இறங்கும் என்றார்கள். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையை மத்தியானமே மூடிவிட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் நான் தெருவில் இருக்கிற ஆளே இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

 இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு, தண்ணீர் உறைவது முப்பத்திரண்டில். பத்தொன்பது என்றால் மூடாத குழாய் கட்டாயம் வெடிக்கும்.

ஓடீலின் முற்றத்தைப் பார்த்தேன். ஆரஞ்சு மரத்துக்குப் போர்வை போர்த்தி, உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் ஏற்றி, கல் வைத்துக் கட்டியிருந்தாள். பூந்தொட்டிகள் உள்ளே போய்விட்டன. ஆனால் வெளிக்குழாய் மட்டும் மொட்டையாக நின்றது. பாவம், தனியாக இருக்கிற பொம்பளை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இங்கே அடுத்த வீட்டுக் குழாயைக் கேட்காமல் மூடிவிடுவது மரியாதை. கேட்டால்தான் அவமரியாதை, "உனக்குத் துப்பில்லை" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஓசைப்படாமல் போய், வீட்டுக்காரரின் சாக்ஸை மாட்டி, மேலே பிரெட் பை சுற்றி, டேப் ஒட்டிவிட்டு வந்தேன். புண்ணியம் செய்த திருப்தியில் காப்பி குடித்தேன்.

குழாயில் மாட்டியிருந்த ஹோஸை, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை, கழற்றவில்லை. பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு அது தோன்றவில்லை. ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் நின்று உறைந்து, சுவருக்குள் குழாய் பிளந்துவிடும். மேலே எத்தனை சாக்ஸ் போட்டும் பிரயோஜனமில்லை.

ஆனால் அது பிளக்கவில்லை.

4

இந்தச் செவ்வாய்க்கிழமை டால்டன் மருந்துக்கடைக்கு வந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் வந்த புயலில் கூரை போனபோது, வேறு மாநிலத்தில் அண்ணன் இருக்கும் மொபீல் நகருக்குப் போய்விடலாம் என்று அவர் சொல்ல, நான் செத்தாலும் இந்த மண்ணில்தான் என்று ஓடீல் சொல்ல, கோபத்தில் வீட்டைவிட்டுப் போன மனிதர். அத்தனை கோபத்திலும் மொபீல் வரை போகவில்லை. பதினோரு மைல் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வாடகை டிரெய்லர் வீட்டில் தங்கிவிட்டார்.

"மிஸ் நளினா, என் மருந்துச் சீட்டெல்லாம் மொபீலுக்கு மாத்திடுங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

"என்ன டால்டன், திடீர்னு?"

"திடீர்னு என்ன? போன வருஷமே போயிருக்கணும்." தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார். "குளிர் வந்தா நான்தான் போய் அவ குழாயைச் சுத்திட்டு வருவேன். கதவைத் தட்ட மாட்டேன். அவளும் எட்டிப் பாக்க மாட்டா. ஆனா படியில ஒரு சட்டி கம்போ* மூடி வச்சிருப்பா. எடுத்துட்டு வந்துடுவேன். அடுத்த குளிருக்குக் காலிச் சட்டியைக் கொண்டுபோய் வச்சுட்டு, புதுசை எடுத்துக்குவேன்."

"பேசிக்கவே மாட்டீங்களா?"

"எதுக்குப் பேசணும்? அதான் சட்டி இருக்கே." சிரித்தார். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. "போன வருஷம் போனா, வேறொருத்தன் சாக்ஸ் மாட்டியிருக்கு. பெரிய காலு. சிவப்புக் குதிகால். சரி, அவளுக்கு ஒரு துணை கிடைச்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அந்த முட்டாப்பயலுக்கு ஹோஸைக் கழட்டணும்னுகூடத் தெரியல. கழட்டிச் சுருட்டி வச்சுட்டு வந்துட்டேன். கொண்டுபோன காலிச் சட்டியையும் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன், புதுச் சட்டியைத் தொடல. அது அவனுக்கு வச்சதா இருக்கும்."

முட்டாப்பயல் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள்.  அவருடைய மொபீல் முகவரியை எழுத்துப் பிழையில்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

* குளிர் வந்தால் இங்கே எல்லா வீட்டிலும் கொதிக்கும் குழம்பு. செய்முறையைக் கேட்டால் ஓடீல் சட்டியோடு என்னை அடிப்பாள்.

5

முடிவுகள்.

அ. நளினா சொல்லவே இல்லை. டால்டன் போய்விட்டார். (உண்மையாக நடக்கக்கூடியது. எழுதவே கை கூசுகிறது.)

ஆ. இன்று ராத்திரி குழாய் வெடிக்கிறது, ஓடீல் அலறுகிறாள், டால்டன் ஓடி வருகிறார். (சினிமா. தவிர, சுவரை உடைத்துக் குழாயை யார் சரிசெய்வது?)

இ. நளினா ஒரு கதை எழுதுகிறாள், அதை டால்டன் படித்துப் புரிந்துகொள்கிறார். (அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மணி.)

இன்று வெள்ளிக்கிழமை. இருபதுக்குக் கீழே இறங்குமாம். கடையை மத்தியானமே மூடிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: ஆரஞ்சு மரத்துக்குப் போர்வை ஏறிவிட்டது. குழாய் மொட்டை. இப்போதுதான், ஒரு வருஷம் கழித்து, என் மண்டையில் ஏறுகிறது. அவள் மறக்கவில்லை.

6

பேனாவை வைத்துவிட்டு ஒற்றைச் சாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். ஓடீல் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, சாக்ஸ் விக்கறியா?"

"போன வருஷம் உங்க குழாய்ல இருந்ததே, அதோட ஜோடி. எங்க வீட்டுக்காரரோடது. நான்தான் மாட்டினேன்."

கத்தி நின்றது. "நீயா? அதை நான் துவைச்சு வச்சிருக்கேன். யாருதுன்னே தெரியல. உன்னை யாரு மாட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் எதையும் மறக்கறவ இல்ல." வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு வச்ச சட்டி படியிலயே விறைச்சுக் கிடந்தது. சரி, மனுஷன் சலிச்சுப் போயிட்டான்னு விட்டுட்டேன். அது போகட்டும், ஹோஸையாவது ஒழுங்கா கழட்டினியே."

"ஓடீல், நான் ஹோஸைத் தொடவே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுதிய பக்கங்களில் அந்தப் பார்வைக்கு ஒரு வரியும் இல்லை. கையைத் துடைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ வந்திருக்கான்," என்றாள்.

கடையில் அவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய், சுருட்டி வைத்திருந்த ஹோஸை எடுத்துக் குழாயில் திருகி மாட்டினாள். அழுத்தமாக, நான்கு சுற்று. தண்ணீரையும் திறந்து விட்டு மூடினாள்.

"ஐயோ, வெடிச்சிடும்!"

"தெரியும். போன் பண்ணு அவனுக்கு. ஓடீல் வீட்டுக் குழாய்ல ஹோஸ் மாட்டியிருக்குன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசின, பார்த்துக்க."

7

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு டேப் இழுக்கும் சத்தம் நின்றது. "அந்த சாக்ஸ்காரன் கழட்ட மாட்டானாமா?"

மேலே பேசக் கூடாது என்பது உத்தரவு. "சாக்ஸ்காரர் இங்க சோபால குறட்டை விட்டுட்டிருக்கார், டால்டன். அவரு என் புருஷன். அந்த முட்டாப்பயல் நான்தான்."

டேப்பைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "மணி என்ன ஆகுது?" என்றார்.

"மூணரை."

போன் வைக்கப்பட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பதினோரு மைல். இருட்டுவதற்குள் உறைநிலைக்கு இறங்கிவிடும். ஓடீல் படியில் ஒரு சட்டியை மூடி வைத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன். வேடிக்கை பார்ப்பதில் எனக்கு இருக்கும் வெறி உங்களுக்கே தெரியும், என் கை எவ்வளவு நமைச்சலெடுக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தடவை நான் அந்த முற்றத்தில் மூக்கை நுழைத்தது போதும். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஹோஸ் குழாயிலேயே இருக்கிறது, நான் தொடப்போவதில்லை.

வெளியே ஏதோ வண்டி வந்து நிற்கிறது. எங்கள் தெருவில் வண்டிகள் வந்து நிற்பது சகஜம்தான்.