நீரில் விட்ட வேல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சிதத்தை வீட்டில் பார்க்க முடியாது. கோயிலுக்குப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். போவதென்னவோ ஈசூன் நீர்த்தேக்கக் கரைக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜாஃபர் நடத்தும் தொண்டூழியர் குழுவோடு சேர்ந்து அங்கே குப்பை பொறுக்குவாள். பிளாஸ்டிக் பை, பானப் பெட்டி, மீன் பிடிப்பவர்கள் அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு, ஒற்றைச் செருப்பு. யார் எதை எங்கே போட்டாலும் தண்ணீர் அதைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிடும்.

ஜாஃபருக்கு அவள்மேல் தனி மரியாதை. மற்றவர்கள் புல்தரையில் நின்றபடி இடுக்கிக்கு எட்டியதை எடுப்பார்கள். ரஞ்சிதம் சேற்றோரம் குந்தி, நாணல் வேருக்குள் கையை விட்டுத் துழாவுவாள். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் இப்படிப் பாடுபடுகிறாளே என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். சுற்றுப்புறத்தின்மேல் அவளுக்கு அத்தனை பற்று என்று அவருக்கு நினைப்பு. பற்றாவது ஒன்றாவது. அவள் தேடியது ஒரு வேல்.

அவள் கணவர் மருதப்பனின் வேல் அது. ஒரு சாண் நீளம், பித்தளை. மனிதர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே கிடைத்த செம்புக் கம்பியை அதன் கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோட்டு முருகன் கோயில்வரை நடப்பார். மகன் திலீப் சிறுவனாக இருந்தபோது பாதி வழிக்கு மேல் அவன்தான் அதைச் சுமப்பான். இறக்கி வைக்கச் சொன்னால் அழுவான். மருதப்பன் இறந்த பிறகு அது சாமித் தட்டில் இருந்தது.

ரஞ்சிதம் முட்டி அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்த வாரத்தில்தான் திலீப் வீடு மாறினான். அவள் நேராகப் புது வீட்டுக்கு வந்தாள். சாமித் தட்டில் புதுப் படங்கள், பேட்டரியில் எரியும் விளக்கு.

"பழசெல்லாம் கோயில்ல குடுத்துட்டேம்மா," என்றான் திலீப்.

பிறகு ஒருநாள் மருமகள் ரோஷினி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். "கோயில்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க அத்தை. சாமி சாமான குப்பை சூட்ல போட்டா பாவம்லா, அதான் ரிசர்வாயர்ல விட்டுட்டு வந்தாரு. கும்பிட்டுட்டுத்தான் விட்டாராம்."

நம் ஆட்கள் இப்படித்தான். குப்பைக் குழாயில் போட்டால் பாவம், ஊரே குடிக்கிற தண்ணீரில் போட்டால் புண்ணியம்.

ரஞ்சிதம் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், வேல் வராது. முதலில் வேலைக் கண்டெடுக்க வேண்டும். சாமித் தட்டில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வருகிற தைப்பூசத்துக்கு முட்டி ஒத்துழைத்தாலும் ஒத்துழைக்காவிட்டாலும் கணவர் நடந்த வழியில் அதைக் கொண்டுபோக வேண்டும். குழுவில் சேர்ந்த புதிதில் அவர்கள் வீட்டுப் பழைய முருகன் படத்தின் சட்டம் மட்டும் கிடைத்தது. இடம் சரிதான் என்று தெரிந்துகொண்டாள். அதன் பிறகு ஏழெட்டு மாதமாக வெறும் குப்பைதான்.

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறன்று ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் நீல டீ-சட்டை, கூடவே ஒரு பதாகை, ஒரு புகைப்படக்காரர். சமூக சேவைக்கென்று ஆண்டுக்கு ஒருநாள் ஒதுக்குவார்களாம். அந்த நீலக் கூட்டத்தில் திலீப்பும் நின்றான்.

அம்மாவைக் கண்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோயிலுக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"இதுவும் அப்படித்தான்," என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். பெருமையாகவும் இருந்தது அவனுக்கு. பக்கத்தில் நின்ற சகா வெய் மிங்கைக் கூப்பிட்டு, என் அம்மா, இந்த வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு பார் என்று ஆங்கிலத்தில் அளந்தான். வெய் மிங் அவளுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பிள்ளை நல்ல பிள்ளைதான். அதில் ரஞ்சிதத்துக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மூவரும் ஒரே பக்கமாகப் போனார்கள். முந்தின வாரம் கொட்டிய மழை கரையை ஒரு முழம் அரித்திருந்தது. ரஞ்சிதம் நாணலில் சிக்கிய நரம்பை அறுத்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி திலீப் இடுக்கியால் சேற்றிலிருந்து எதையோ பிடித்து இழுத்தான். கறுத்துப்போய், பாசி படிந்து, ஒரு சாண் நீளத்துக்கு வந்தது. முனை வளைந்திருந்தது. கைப்பிடியில் கம்பிச் சுற்று அப்படியே இருந்தது.

கம்பியைப் பார்த்ததுமே ரஞ்சிதம் கண்டுகொண்டாள். அவனும் கண்டுகொண்டான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இடுக்கியை நீட்டியபடி அசையாமல் நின்றான். வெய் மிங் எட்டிப் பார்த்து, என்ன அது, கத்தியா என்று கேட்டான்.

திலீப் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சிதம் முந்திக்கொண்டாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. "என்னப்பா அது?" என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்லம்மா. ஏதோ பழைய இரும்பு," என்று கறுப்புப் பைக்குள் போட்டான்.

பித்தளை என்றாவது சொல்லியிருக்கலாம் பாவி.

அவள் கையை ஊன்றி எழுந்தாள். வலியில் உயிர் போயிற்று. அவனிடம் போய், "பைய குடு," என்றாள்.

"வேணாம்மா, கனமா இருக்கு. நானே தூக்கிட்டு வரேன்."

"தெரியும். குடு."

பையைப் புல்லின்மேல் வைத்துக் கையை விட்டாள். ஈரக் காகிதத்துக்கும் நசுங்கிய போத்தல்களுக்கும் நடுவில் கம்பிச் சுற்று விரலில் தட்டுப்பட்டது. எடுத்துத் துப்பட்டாவால் சேற்றைத் துடைத்தாள். முனையருகே கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. வெய் மிங் தாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நகர்ந்துபோனான். புத்திசாலி.

திலீப்பின் முகம் வெளுத்துவிட்டது. "கோயில்ல வாங்கலம்மா," என்றான் மெதுவாக. "சூட்ல போட மனசு வரல. அதான் இங்க..."

"இப்ப இந்தப் பையில போட மனசு வந்துச்சா?"



மேட்டிலிருந்து ஜாஃபர் எல்லோரையும் படம் எடுக்க வரச் சொல்லிக் கைதட்டிக் கூப்பிட்டார். திலீப் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வேலுக்காகக் கையை நீட்டினான். ரஞ்சிதம் அதைத் துப்பட்டாவில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவன் நீட்டிய கையில் குப்பைப் பையைக் கொடுத்தாள்.