நின்ற மான்

வலக்கண்ணில் நரம்பு செத்துப்போயிற்று என்று டொக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் இரும்போடு மாரடித்தவனுக்கு இதுவும் ஒரு சன்மானம். இடக்கண் இன்னும் ஒரு வருடம் தாங்குமாம். தாங்கினால் தாங்கட்டும், சனியன். என் மனைவி எல்சிதான் குசினிக்குள் அடுப்படியில் நின்று தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு மான் சுட்டியளே. மானின்ர கண் என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. மூதூருக்கு அப்பால் ஆற்றோரப் புல்வெளியில், வில்லு என்கிறோமே, அங்கே இருபது வருடம் குப்புறக் கிடந்து மான் சுட்டவன் நான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பின்னங்காலைத்தான்.

அதற்குக் காரணம் சரீப். மூதூர்க்காரர், என் வேட்டைக் கூட்டாளி. அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் நானா; இரண்டும் ஒன்றுதான், எவர் மூத்தவர் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. இறைச்சி பாதிக்குப் பாதி. ஆனால் உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவர் வீட்டில் சட்டி அடுப்பில் ஏறும். ஆகவே நான் நெஞ்சுக்குச் சுடமாட்டேன், பின்னங்காலுக்குச் சுடுவேன். மான் விழும், அது எழும்புவதற்குள் அவர் கத்தியோடு போய்விட வேண்டும். வெடி கேட்டு எழும்பினால் நேரம் காணாது. அதனால் நான் குறி வைத்து மூச்சை அடக்கும்போதே அவர் எழும்பிவிடுவார். பக்கத்தில் என் மூச்சு நின்றால் போதும், மனுசன் ஓடுவார்.

எழுபத்தொன்றில், கிளர்ச்சி நேரம், துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். வேட்டை அத்தோடு சரி. அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் கண் போனது.

மற்றக் கண்ணும் அவிவதற்குள் ஒரு மானை முழுதாக, நின்ற நிலையில் பார்த்துப் படம் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அது ஒன்றுதான் வேண்டும். ஸ்ரூடியோ யோகலிங்கம் மேலிருந்து குனிந்து பார்க்கிற கமரா ஒன்றை இரவல் தந்தான். பிலிமுக்குத் தட்டுப்பாடான காலம். ஒரு சுருள்தான் இருந்தது, பன்னிரண்டு படம்.

"கமரா உடைஞ்சா வீட்டுப் பக்கம் வராதேங்கோ அண்ணை, நேர கடலுக்கை குதியுங்கோ," என்றான்.

அடுத்த ஆவணியில் மோட்டார் லோஞ்சில் குடாக்கடலைத் தாண்டி மூதூருக்குப் போனேன். சரீப் இரண்டு சைக்கிளோடு நின்றார். கட்டைபறிச்சான் ஊரைத் தாண்டி மிதித்து, பிறகு நடந்தோம். வில்லில் தண்ணீர் வற்றி வற்றி நடுவில் ஒரு குட்டையாய்க் கிடந்தது. சுற்றிலும் பசும்புல், எருமைகள், வாயைப் பிளந்துகொண்டு நின்ற நாரைகள். முன்பெல்லாம் இவற்றைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

முதல் நாள் ஏழு படம் பாழ். மான் கிட்ட வரும், நான் கமராவுக்குள் குனிந்து மூச்சை அடக்குவேன், உடனே சரீப் எழும்பி ஓடுவார். பதறிப்போய்ப் பொத்தானை அமத்துவேன். படத்தில் விழுந்ததெல்லாம் புல்லும் அவருடைய இடுப்புச் சாரமும்தான்.

"கையில கத்தியும் இல்ல. எங்க நானா ஓடுறீங்க?"

"நான் எங்க ஓடினன்? கால் ஓடினது."

"காலைக் கட்டிப் போடட்டோ?"

"கட்டுங்க. ஒங்களுக்கு மூச்ச விட்டுக்கிட்டுப் படம் எடுக்க ஏலாதா?"

"ஏலாது. கை ஆடும்."

இரண்டாம் நாள் இன்னும் நாலு போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் கமராவைக் குட்டைக்குள் எறிந்திருப்பேன். ஒன்றுதான் மிச்சம். சரீப் என் மூச்சு கேட்காதபடி சால்வையை எடுத்துக் காது இரண்டையும் இறுக்கிக் கட்டினார். முகத்தை மண்ணில் வைத்து, புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெயில் சாய, ஒரு கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது. ஒரு கொம்பன் மான் மட்டும் பின்தங்கியது. இருபது காலடித் தூரம்கூட இல்லை. எங்களைக் கண்டும் அது ஓடவில்லை, அப்படியே நின்றது. பழக்கதோஷம், என் பார்வை நேரே பின்னங்காலுக்குப் போனது. ஒரு காலைச் சற்றுத் தூக்கி வைத்திருந்தது. மூச்சை அடக்கினேன். சரீப் அசையவில்லை. அமத்தினேன். யேசுவே, அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த சந்தோசம்!

பிறகு அது நடந்தது. நடந்தது என்று எப்படிச் சொல்ல? தூக்கிய கால் நிலத்தில் படவே இல்லை. முழங்காலுக்குக் கீழே சூம்பித் தொங்கியது. மூன்று காலில் கெந்திக் கெந்திப் போனது.

சரீப் சால்வையை அவிழ்த்தார். துவக்கை ஒப்படைப்பதற்கு முந்தின வாரம் இதே குட்டையடியில் ஒரு கொம்பனைச் சுட்டேன். அது விழுந்து எழும்பி ஓடிவிட்டது. சரீப் இருட்டும் வரை இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு துரத்தினார். இது அந்த மான்தான், எங்கள் மான். ஓட ஏலாததால்தான் நின்றது.

யோகலிங்கம் படத்தைக் கழுவிப் பெரிதாக்கித் தந்தான். "என்ன வடிவாக் காலைத் தூக்கிக்கொண்டு நிக்குது அண்ணை! டான்ஸ் ஆடுற மாதிரி!" என்றான். எல்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் யேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தக் காலைத்தான் புகழ்ந்தான்.

ஒரு மாதம் கழித்து சரீப் வந்தார். கதிரையில் இருக்காமல் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார்.

"பதினொரு தரம் ஓடி ஒங்கட படத்தக் கெடுத்தன், அண்ணே," என்றார். "அதின்ட வேதனைய முடிக்க ஓட வேண்டிய அண்டைக்குக் காதக் கட்டிக்கிட்டுக் கிடந்திட்டன்."

எல்சி தேத்தண்ணியோடு வந்தாள். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. "இது கறுப்பு வெள்ளைப் படம், ஒண்டும் விளங்கேல்லை. கிட்ட நிண்டு பாத்தனீங்கள்தானே, இப்பவாவது சொல்லுங்கோ. கண் என்ன நிறம்?"

சரீப் என்னைப் பார்த்தார்.

"தெரியாது, எல்சி," என்றேன். "நான் காலைத்தான் பாத்தனான்."